கொடுத்ததற்கு யாரும் கேட்கவில்லை

ரத்தம் ஏற்றியதற்காக என்னை யாரும் கேள்வி கேட்டதில்லை. ஏற்றாமல் விட்டதற்காகக் கேட்டிருக்கிறார்கள். "ஹெச்பி எட்டுல நிக்குது, ராத்திரி பூரா என்னய்யா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று காலை ரவுண்டில், நர்சுகளும் பயிற்சி டாக்டர்களும் சுற்றி நிற்க, சீஃப் சர்ஜன் சத்தம் போட்டிருக்கிறார். அந்தச் சத்தம் மறுபடி வராமல் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். வழி சுலபம். பிளட் பேங்குக்கு ஒரு போன்.

நான் இதய அறுவை சிகிச்சைகளுக்கு மயக்கம் கொடுத்த டாக்டர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். மயக்க டாக்டர் என்றால் ஊசி போட்டுத் தூங்கவைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். ஹார்ட் தியேட்டரில் அப்படியில்லை. நோயாளிக்குள் எந்த மருந்து, எவ்வளவு திரவம், எத்தனை பை ரத்தம் போகிறது என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் வாய்ச்சொல்தான். ஐசியூவிலும் இரவு டியூட்டி என்றால் அதே கதை. அந்தச் சொல்லை நான் எப்படிச் செலவழித்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன். தெரியாமல் செய்திருந்தால் எழுத வேண்டிய அவசியமில்லை. தெரிந்துதான் செய்தேன்.

நாங்கள் படித்த காலத்தில் பத்து என்பது வேதவாக்கு. ஹெச்பி, அதாவது ஹீமோகுளோபின், பத்து கிராமுக்குக் கீழே போனால் ரத்தம் ஏற்று, அவ்வளவுதான். இந்தப் பத்து எங்கிருந்து வந்தது? 1942-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆடம்ஸ், லண்டி என்ற இருவர், உடல் தேறாத நோயாளிகளுக்கு மயக்கம் கொடுப்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். எட்டு அல்லது பத்துக்குக் கீழே இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பு ரத்தம் ஏற்றிக்கொள்வது நல்லது என்று அதில் ஒரு யோசனை. ஆய்வு செய்து கண்ட முடிவல்ல, அனுபவசாலிகளின் அபிப்பிராயம். எட்டு வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. பத்து மட்டும் பல பத்தாண்டுகள் தாண்டி மதுரைப் பக்கம் வந்து எங்கள் வார்டில் உட்கார்ந்துகொண்டது.

ரத்தத்தைக் கண்டு நாங்கள் பயந்த காலமும் உண்டு. இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அதன்பிறகு கொஞ்ச காலம் ஒவ்வொரு பையையும் சந்தேகத்தோடு பார்த்தோம். காசுக்கு ரத்தம் விற்பவர்கள் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் காத்திருந்த காலம் அது. உச்ச நீதிமன்றம் 1996-இல் கொடுத்த தீர்ப்பால் 1998 ஜனவரி முதல் அந்த வியாபாரம் தடைசெய்யப்பட்டது. எச்ஐவி, இரண்டு வகை மஞ்சள் காமாலை, மேகநோய், மலேரியா என எல்லாவற்றுக்கும் பரிசோதனை கட்டாயமாயிற்று. பயம் விலகியது, அதோடு யோசனையும் விலகியது. "எல்லா டெஸ்ட்டும் பண்ணின ரத்தம்தானே" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. கிருமி இல்லாத ரத்தமும் இன்னொருவர் உடம்பின் உயிருள்ள திசு என்பது எங்கள் நினைவில் நிற்கவில்லை. ஒரு சிறுநீரகத்தை மாற்றுவதற்கு முன் கமிட்டி போட்டுப் பேசுகிற அதே கட்டடத்தில், நான் போனில் "ரெண்டு அனுப்புங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பையில் இருப்பது நரம்பில் ஓடும் ரத்தமும் அல்ல. இரண்டிலிருந்து ஆறு டிகிரி குளிரில், சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோ வைத்திருக்கலாம். நாள் ஆக ஆக அணுக்கள் விறைத்துப்போகின்றன. பொட்டாசியம் வெளியே கசிகிறது. ஆக்சிஜனைத் திசுக்களிடம் விட்டுக்கொடுக்க உதவும் டிபிஜி என்ற பொருள் இரண்டு வாரத்துக்குள் ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. ஏற்றிய பிறகு அது மீண்டும் ஊற நேரம் பிடிக்கும். ஆனால் லேப் ரிப்போர்ட்டில் எண் உடனே ஏறிவிடும். எனக்கு வேண்டியது அந்த எண்தான்.

1999-இல் கனடாவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஐசியூவில் இருந்த 838 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு ஏழுக்குக் கீழே போனால் மட்டும் ரத்தம், மறு சாராருக்குப் பத்துக்குக் கீழே போனாலே ரத்தம் என்று வைத்துப் பார்த்தார்கள். குறைவாக ஏற்றப்பட்டவர்கள் எந்த விதத்திலும் மோசமாகவில்லை. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு, "இது ஜெனரல் ஐசியூ கேஸ், நம்ம ஹார்ட் கேஸுக்குப் பொருந்தாது" என்றேன். 2007-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இதய அறுவை நோயாளிகளின் கணக்கு வந்தது. ரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்குத் தொற்று அதிகம். மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறும் அதிகம். "நோய் முத்தினவங்களுக்குத்தானே ஏத்துறோம், அவங்களுக்கு வரத்தானே செய்யும்" என்றேன். அந்த வாதத்தில் நியாயமும் இருந்தது, அதனால் அது எனக்கு நெடுநாள் உதவியது. 2010-இல் பிரேசிலின் சாவோ பாவுலோவில் இதய அறுவை நோயாளிகள் 502 பேரையே இரண்டாகப் பிரித்துப் பார்த்து, குறைவாக ஏற்றினாலும் பாதகமில்லை என்றார்கள். ஏற்றிய ஒவ்வொரு பைக்கும் சிக்கலும் சாவும் கூடியதையும் அதே ஆய்வு காட்டியது. இனி என்ன சாக்கு? "அவங்க ஊர் உடம்பு வேற" என்றேன். டீ குடித்துக்கொண்டே சொன்னதுதான், சிரித்துக்கொண்டே சொன்னதுதான். ஆனால் அன்று மாலையும் பழையபடி போன் செய்தேன்.

இந்தச் சாக்குகளை எல்லாம் உடைத்துக் காட்டிய ஒருவர் அதற்கு முன்பே என் மேஜையில் படுத்து எழுந்து போயிருந்தார். யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. அயோர்ட்டிக் வால்வு மாற்ற வேண்டும். ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அட்டையைப் பர்சிலிருந்து எடுத்து நீட்டினார். "செத்தாலும் பரவாயில்லையாம்மா?" என்று கொஞ்சம் முரட்டுத்தனமாகவே கேட்டேன். "சாகணும்னு வரலை சார், ரத்தமில்லாம பண்ணுங்கன்னுதான் வந்திருக்கேன்" என்றார்.

அவருடைய சபைக்காரர்களுக்கு ஹூஸ்டனில் டென்டன் கூலி 1960-களிலேயே இதய அறுவை செய்யத் தொடங்கிவிட்டார். அக்காலத்தில் இதய-நுரையீரல் எந்திரத்தின் குழாய்களை நிரப்பவே பல பை ரத்தம் வேண்டியிருந்தது. கூலி அதற்குப் பதில் குளுக்கோஸ் நீரால் நிரப்பினார். ரத்தம் ஏற்றாமல் செய்த 542 ஆபரேஷன்களின் விவரத்தை 1977-இல் வெளியிட்டார். நான் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன், ஏதோ சர்க்கஸ் வித்தை என்ற நினைப்போடு.

டீச்சருக்காக நாங்கள் என்னவெல்லாம் செய்தோம் என்று சொல்கிறேன். ஒரு மாதம் ஆபரேஷனைத் தள்ளிவைத்து இரும்புச்சத்து ஊசியும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் போட்டு ஹெச்பியை உயர்த்தினோம். ஆஸ்பிரினை நிறுத்தினோம். இதய-நுரையீரல் எந்திரத்தை, அதாவது பம்பை, இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட் அதன் குழாய்களை எவ்வளவு குட்டையாக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக்கினார். பம்ப் தொடங்கும்முன் குழாயில் இருக்கும் நீரை, நோயாளியின் சொந்த ரத்தத்தையே பின்பக்கமாக மெல்ல விட்டு வெளியேற்றினார். ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்தேன். ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1962-இல் அறிவித்த மருந்து. விலை சொற்பம், எங்கள் டிராயரில் எப்போதும் கிடந்தது, நினைவு வந்தால் போடுவோம். சிந்திய ரத்தத்தை உறிஞ்சிக் கழுவித் திருப்பிக் கொடுக்கும் செல் சேவர் மெஷின் ஒன்று தூசி படிந்து ஸ்டோரில் இருந்தது. அது வெளியே வந்தது. வழக்கமாக அவசர அவசரமாகத் தைத்து மூடுகிற சர்ஜன், ஒவ்வொரு கசிவையும் தேடித் தேடிச் சுட்டு அடைத்தார்.

ஐசியூவில் இன்னும் ஒரு வேடிக்கை. மணிக்கட்டில் சொருகிய குழாயிலிருந்து டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கும்போது, முதலில் வரும் ஐந்து மில்லியைக் கிட்னி டிரேயில் கொட்டிவிட்டுப் பிறகுதான் சாம்பிள் எடுப்போம். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. சாம்பிளையும் சேர்த்தால் அறுபது எழுபது மில்லி ரத்தம் தினமும் டிரேயிலும் டியூபிலுமாகப் போய்விடும். இதை இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த நான், டீச்சரின் கட்டிலருகில் நின்றபோதுதான் முதல்முறையாக அந்த டிரேயை உற்றுப் பார்த்தேன். சிஸ்டரிடம் குழந்தைகளுக்கான சின்ன டியூப் எடுத்துவரச் சொன்னேன். முதலில் வரும் ரத்தத்தைக் கொட்டாமல் திரும்ப உள்ளே செலுத்தச் சொன்னேன். டீச்சரின் ஹெச்பி ஏழு வரை இறங்கியது. நான் தூங்கவில்லை. அவர் நன்றாகத் தூங்கினார். ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போனார்.

அடுத்த கேஸில் எல்லாம் பழையபடி ஆயிற்று. பெரிய டியூப், டிரேயில் கொட்டல், செல் சேவர் திரும்ப ஸ்டோருக்கு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவருக்கு இத்தனை சிரத்தை. நம்மை நம்பிச் சரி என்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இந்த அநியாயம் எனக்கு அன்றே உறைத்தது. உறைத்ததை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ஒரு கேஸுக்கு இவ்வளவு மெனக்கெட்டால் அன்றைய இரண்டாவது கேஸ் தாமதமாகும், அது எல்லோருக்கும் தொந்தரவு.

இனி, நான் எழுத உட்கார்ந்த விஷயம். வருடம் 2014.

ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். நாற்பதை எட்டாத வயது, எடை 41 கிலோ. சிறு வயதில் வந்த மூட்டுக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் நிலை. ஹெச்பி 9.6. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது அதிசயமில்லை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படியே தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. கிலோவுக்கு 65 மில்லி என்று வைத்தால் அந்தம்மா உடம்பில் மொத்தம் இருப்பது இரண்டே முக்கால் லிட்டருக்கும் குறைவான ரத்தம். பம்ப் குழாயில் இருக்கும் நீர் ஒன்றேகால் லிட்டருக்கு மேல். இரண்டும் கலந்தால் 9.6 ஆறரைக்கு வந்துவிடும். பெரிய ஆம்பளைக்கு இந்த நீர் ஒரு பொருட்டில்லை, சின்ன உடம்பில் ஓடுவதில் மூன்றில் ஒரு பங்கு நீராகிறது. பம்பில் இருக்கும்போது இரண்டு பை ஏற்றினோம். அதைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் வேறு வழியில்லை. ஆனால் ஆபரேஷன் தேதிக்காக அவர் இரண்டு மாதம் வீட்டில் காத்திருந்தார். அந்த இரண்டு மாதத்தில் யாரும் ஓர் இரும்புச்சத்து ஊசி போடவில்லை. அதை எழுதிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான்.

வால்வு நன்றாக உட்கார்ந்தது. இரவு ஒன்பது மணிக்கு ஐசியூவில் கை கால் சூடாக இருந்தது, சிறுநீர் நன்றாக வந்தது, நெஞ்சுக்குழாயில் மணிக்கு முப்பது மில்லிதான் வடிந்தது. ஹெச்பி 8.6. ஒன்றும் செய்யத் தேவையில்லாத நோயாளி. எனக்கு மறுநாள் காலை ரவுண்டு நினைவுக்கு வந்தது. "ரெண்டு பேக்டு செல், ரெண்டு எஃப்எஃப்பி ஏத்திடுங்க சிஸ்டர்" என்றேன். சிவப்பணுக்களுக்காவது ஒரு எண் சாக்கு இருந்தது. எஃப்எஃப்பி என்கிற பிளாஸ்மாவுக்கு அதுவும் இல்லை. ரத்தம் உறைவதில் கோளாறு என்று எந்த ரிப்போர்ட்டும் சொல்லவில்லை. இரண்டு சிவப்பு என்றால் இரண்டு மஞ்சள், அப்படி ஒரு பழக்கம்.

"சார், டிரெயின் கம்மியாத்தானே இருக்கு?" என்று கேட்டார் சிஸ்டர்.

"காலைல என்னால பேச்சு வாங்க முடியாது. ஏத்துங்கம்மா."

இரண்டு மணிக்கு எழுப்பினார்கள். ஆக்சிஜன் அளவு 84. வென்டிலேட்டர் குழாயில் இளஞ்சிவப்பு நுரை பொங்கி வந்துகொண்டிருந்தது. பி.பி. எழுபதுகளில் கிடந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையடித்த சுவர். எக்கோ வைத்துப் பார்த்தேன். வால்வு அழகாகத் திறந்து மூடியது. இதயம் நன்றாகச் சுருங்கி விரிந்தது. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் தேங்கியிருந்தால் படம் இப்படி இருக்காது. ரத்தம் ஏற்றிய ஆறு மணி நேரத்துக்குள் இந்த நிலை வந்தால் அதற்குப் பெயர் டிராலி. கொடுத்தவரின் பிளாஸ்மாவில் இருக்கும் எதிர்ப்பொருள்கள் வாங்கியவரின் வெள்ளணுக்களைச் சீண்டிவிட, அவை நுரையீரலின் நுண்குழாய்களைத் தாக்கி ஓட்டையாக்குகின்றன. பம்பில் போய் வந்த நோயாளியின் வெள்ளணுக்கள் ஏற்கெனவே உசுப்பப்பட்டிருக்கும். அதனால் இதய அறுவைக்காரர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். இதெல்லாம் எனக்குத் தெரியும். பயிற்சி டாக்டர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

எக்கோ கருவியின் கம்பியைச் சுருட்டிக்கொண்டே என்ன எழுதலாம் என்று யோசித்தேன். கேஸ் ஷீட்டில் "நுரையீரலில் நீர்க்கோப்பு, இதயப் பலவீனம் காரணமாக இருக்கலாம்" என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். அந்தக் கேள்விக்குறிதான் என் நேர்மைக்கு மிச்சம்.

விடிந்ததும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவரைக் கூப்பிட்டேன். "ஹார்ட் ரொம்ப நாளா பழுதாகிக் கெடந்ததில்லையா, நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சு. பார்ப்போம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். முந்தைய வாரம் இதே மனிதரிடம்தான் "ரத்தத்துக்கு ஆள் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தோம். ஊரிலிருந்து வேனில் பையன்களை அழைத்து வந்திருந்தார்.

டிராலிக்குத் தனி மருந்து கிடையாது. நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். நாலாம் நாள் வெள்ளை கலையத் தொடங்கியது. அதற்குள் வென்டிலேட்டரில் கிடந்ததால் நிமோனியா பிடித்துக்கொண்டது. பிறகு விலை கூடிய ஆன்டிபயாட்டிக்குகள். மூன்று வாரத்துக்குப் பிறகு எழுந்து நடந்தார்.

டிஸ்சார்ஜ் அன்று கணவர் ஒரு கட்டு முருங்கைக்காயோடு என் அறைக்கு வந்தார். "ரெண்டு மாட்டையும் கொடுத்துட்டேன் சார். மாடு போனா போகுது, அது பொழச்சிருக்குல்ல. அன்னைக்கு ராத்திரி நீங்க இல்லேன்னா அவ்வளவுதான்னு சிஸ்டருங்க சொன்னாங்க" என்றவர் குனிந்தார். நான் தடுத்தேன், ஆனால் மெதுவாகத்தான் தடுத்தேன். காலை மீட்டிங்கிலும் சீஃப் என்னைப் பாராட்டினார். முருங்கைக்காயை வீட்டுக்கு எடுத்துப்போனேன், சாம்பார் வைத்தார்கள், சாப்பிட்டேன். அந்தக் குடும்பத்திடம் உண்மையை இன்றுவரை சொல்லவில்லை. சொல்லாததற்கு வழக்குப் பயம் ஒரு காரணம். கிடைத்த மரியாதை போய்விடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

உறவுக்காரர்களைக் கூட்டிவரச் சொல்வதைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "ஃப்ரெஷ் பிளட்" என்றால் ஒரு காலத்தில் எங்களுக்கு உயிர். அன்று எடுத்து அன்றே ஏற்றும் முழு ரத்தம். பைபாஸுக்கு வந்த அப்பாவுக்கு மகன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நிற்பான். "என் ரத்தத்தையே எடுத்துக்குங்க சார், அப்பாவுக்கு வெளியாள் ரத்தம் வேண்டாம்." கேட்கவே மனசு இளகும். நானும் தட்டிக்கொடுத்து அனுப்புவேன். ஆனால் ஜப்பானில் இதய அறுவை முடிந்து நன்றாக இருந்தவர்களுக்குப் பத்து நாள் போலக் கழித்துக் காய்ச்சல், உடம்பு முழுக்கச் சிவப்புத் தடிப்பு, வயிற்றுப்போக்கு, பிறகு எல்லா ரத்த அணுக்களும் சரிந்து மரணம் என்று கேஸ்கள் வந்துகொண்டிருந்தன. 1980-களில் காரணம் பிடிபட்டது. நெருங்கிய உறவின் ரத்தத்தில் உயிரோடு இருக்கும் வெள்ளணுக்களை அப்பாவின் உடம்பு அந்நியமாகப் பார்க்காமல் விட்டுவிடுகிறது, அந்த அணுக்களோ அப்பாவின் உடம்பையே அந்நியமாகப் பார்த்துத் தாக்குகின்றன. வந்துவிட்டால் பிழைப்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பையைக் கதிர்வீச்சில் காட்டிவிட்டு ஏற்றினால் வராது. எங்களிடம் அந்த வசதி இல்லை. இருந்தும் மகன்களின் ரத்தத்தை ஏற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. பத்தாம் நாள் காய்ச்சலும் தடிப்புமாக யாராவது திரும்பி வந்திருந்தால் மருந்து அலர்ஜி என்றோ கிருமித்தொற்று என்றோ எழுதி வேறு வார்டுக்கு அனுப்பியிருப்பேன். புது ரத்தம் இதயத்துக்கு நல்லது என்ற அந்த நம்பிக்கைகூட 2015-இல் ஆட்டம் கண்டது. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இதய அறுவை நோயாளிகளிடம் பத்து நாளுக்கு உட்பட்ட ரத்தத்தையும் மூன்று வாரம் தாண்டிய ரத்தத்தையும் ஒப்பிட்டதில் வித்தியாசம் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டாம் என்று அடம் பிடித்துவிடக் கூடாது. தையல் விட்டு நெஞ்சு நிறைய ரத்தம் கொட்டியவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு பை ஏற்றிக் காப்பாற்றிய இரவுகளும் உண்டு, அவற்றில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. குறைத்து ஏற்றுவதிலும் எல்லை இருக்கிறது. 2015-இல் இங்கிலாந்தில் இரண்டாயிரம் பேரிடம் செய்த ஆய்வில் ஏழரைக்குக் கீழே போனால் ஏற்றுவதும் ஒன்பதுக்குக் கீழே போனால் ஏற்றுவதும் சிக்கல்களில் சமமாகவே இருந்தன, ஆனால் தொண்ணூறு நாள் கணக்கில் குறைவாக ஏற்றிய பக்கம் சாவு சற்றுக் கூடியிருந்தது. 2017-இல் பல நாடுகளில் ஐயாயிரம் பேரிடம் பார்த்தபோது அந்தக் கவலை அடங்கியது. மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொஞ்சம் தாராளம் நல்லதோ என்ற கேள்வி 2023-இல் மறுபடி எழுந்திருக்கிறது. ஏழரையா ஒன்பதா என்பதில் நல்ல டாக்டர்கள் வேறுபடலாம். என் தவறு அந்த வேறுபாட்டுக்குள் வராது. 41 கிலோ பெண்ணுக்குக் காரணமே இல்லாமல் இரண்டு பை பிளாஸ்மா ஏற்றியதை எந்த ஆய்வும் எந்தக் காலத்திலும் ஆதரிக்கவில்லை.

அதைவிடவும் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது மறுநாள் காலை நடந்தது.

ரத்தம் ஏற்றி ஏதாவது கோளாறு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வழிமுறை வகுக்கப்பட்டே இருக்கிறது. பையையும் டியூபையும் நோயாளியின் புது ரத்தச் சாம்பிளையும் பிளட் பேங்குக்கு அனுப்ப வேண்டும். 2012 டிசம்பரிலிருந்து இப்படிப்பட்ட நிகழ்வுகளைச் சேகரிக்க நொய்டாவில் உள்ள தேசிய உயிரியல் பொருள் நிறுவனத்தில் ஒரு திட்டமும் நடக்கிறது. நோயாளியின் பெயரைப் போட வேண்டாம், யார்மேலும் நடவடிக்கை கிடையாது. அந்த இரவு சிஸ்டர் நான்கு காலிப் பைகளையும் ஒரு டிரேயில் எடுத்து வைத்திருந்தார். விடிந்ததும், "பிளட் பேங்குக்கு அனுப்பிடவா சார்?" என்றார். அவர் கேட்ட இரண்டாவது சரியான கேள்வி. "இது ஹார்ட் பெயிலியர்ம்மா, தூக்கிப் போட்டுடுங்க" என்றேன்.

தூக்கிப் போட்டது பையை மட்டும் அல்ல. டிராலியை உண்டாக்கும் எதிர்ப்பொருள் பெரும்பாலும் பல பிள்ளை பெற்ற பெண்களின் ரத்தத்தில் இருக்கும், முன்பு எப்போதாவது ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடமும் இருக்கலாம். அவர்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, அவர்களுக்கே தெரியவும் தெரியாது. இங்கிலாந்தில் 2003-இலிருந்து பிளாஸ்மாவை முடிந்தவரை ஆண்களிடமிருந்தே எடுக்கத் தொடங்கியதும் டிராலி வெகுவாகக் குறைந்தது. புகார் போனால் அந்தப் பைகளைக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுச் சோதிப்பார்கள். எதிர்ப்பொருள் இருப்பவரின் பிளாஸ்மாவை அதன்பிறகு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். நான் புகார் செய்யாததால் அந்த நால்வரில் யார் என்று யாருக்கும் தெரியாது. மூன்று நான்கு மாதம் கழித்து, அடுத்த முகாமில், அவர் நல்ல மனசோடு மறுபடி கை நீட்டியிருப்பார். அந்தப் பை யாருக்குப் போயிற்றோ.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பிளட் பேங்க் பொறுப்பு டாக்டரைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். என்னைவிட வயதில் மிகச் சிறியவர். வருடத்தைக் கேட்டார். பதிவேடுகளை ஐந்து ஆண்டுதான் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, 2014-ஆம் வருடத்துப் புத்தகங்கள் எப்போதோ கழிக்கப்பட்டுவிட்டன என்றார். நோயாளியின் கேஸ் ஷீட்டில் பை எண்கள் இருக்குமே என்றேன். இருந்தாலும் அந்த எண்ணை வைத்துக்கொண்டு இனி ஆளைத் தேட முடியாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கே பையை அனுப்பியிருந்தீங்கன்னா ஒரு நாள் வேலை சார்" என்றார். பிறகு பிளாஸ்மா கேட்டு ஐசியூவிலிருந்து போன் வந்தது. ரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆர் எவ்வளவு, டிரெயின் எவ்வளவு என்று அவர் கேட்கத் தொடங்கினார். அந்தப் பக்கம் இருந்த டாக்டர் எரிச்சலோடு பதில் சொல்வது எனக்கே கேட்டது.